இரண்டு அளம் மிதிக்காதவன்

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனுக்காக ஊரில் இருக்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்ததில்லை என்றால், சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து மரக்காணத்துக்கு வந்திருக்க வேண்டும். நாடே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மட்டும் ஃபுட்பால் பைத்தியம். அதற்குக் காரணம் சகாயராஜ். எங்கள் உப்பளத்துப் பையன். கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப்புக்கு மிட்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தான். கிளப்பில் அவன் காலைத் தொடாமல் பந்து நகராது. இந்தியா டீமில் மட்டும் அவன் பெயர் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். மேட்ச் முழுக்க மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில் இறக்கிவிடுவார்கள். பந்து அவனிடம் வந்து சேர்வதற்குள் விசில் ஊதிவிடும்.

ஏன் என்று கேட்காத டீக்கடை எங்கள் பக்கத்தில் கிடையாது. தமிழன் என்பதால் அமுக்குகிறார்கள் என்றது ஒரு கட்சி. ஆள் குட்டை, கோச்சுக்கு நெட்டையன்தான் வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அவன் அம்மா முத்தம்மாள் வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டதை மறந்துவிட்டாள், அதனால்தான் என்று சொன்னவர்களும் உண்டு. பந்தைக் கையால்கூடத் தொடாத கிழவர்களெல்லாம் கோச்சுக்குப் பாடம் எடுத்தார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் அந்தோணிராஜ். உப்பு மூட்டை ஏற்றுகிறவன். எங்கள் டீமுக்குக் கோல் கீப்பர். எனக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்றவன் கொளஞ்சி. அவனுக்கு முன்னால் சகாயராஜ். அவர்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். பின்னால் கொளஞ்சி நிற்கிறான் என்ற தைரியத்தில்தான் சகாயராஜ் முன்னால் ஓடினான். அவன் கல்கத்தா போனான், கொளஞ்சி கண்ணாயிரம் முதலாளியின் அளத்தில் உப்பு வாரப் போனான். அதற்காகக் கொளஞ்சி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சகாயராஜ் ஆடினால் தானே ஆடியது மாதிரி. அவனை உட்கார வைத்தால் இவன் கன்னத்தில் அறைந்தது மாதிரி.

கொளஞ்சிக்குக் கை முந்தும், வாய் பிந்தும். சகாயராஜுக்கு ஸ்டாமினா போய்விட்டது என்று சொன்ன மீன்வண்டிக்காரன் ஒருவனுடைய முன்பல்லை உடைத்தான். கிளியனூரில் ஒரு கல்யாண வீட்டில், 'உங்க ஆளு பெஞ்சு தேய்க்கப் போறானா' என்று கிண்டலடித்தவன் முகத்தில் சுடச்சுட சாம்பாரை ஊற்றினான். அவன் மனைவி அமுதவல்லி ஏழு மாத வயிற்றோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் ஆடினா இன்னா, ஆடாட்டி இன்னா? நம்ம வூட்ல பொங்குற சோறு அதனால கொழைஞ்சிடுதா?" என்று கேட்பாள்.

கொளஞ்சி பதில் சொல்ல மாட்டான். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அடித்திருக்கவே மாட்டானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலியன் டீக்கடையில் கால் வைக்க இடமில்லை. ஏதோ ஒரு வளைகுடா நாட்டோடு மேட்ச். டிவியை அலமாரியின் மேல் ஏற்றி வைத்திருந்தான் கலியன். காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு அப்படியே வந்தவர்கள் தங்கள் வாரு பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உப்பைப் பாத்தியில் இழுத்துச் சேர்க்கிற பலகை அது. நீளமான மூங்கில் காம்பின் நுனியில் கனமான பலகை அடித்திருக்கும்.

இந்தியா ஒரு கோல் வாங்கிவிட்டது. கேமரா ஒரு தடவை பெஞ்சைக் காட்டியது. சகாயராஜ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"எறக்குடா அவனை!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினான் கொளஞ்சி. கோச் எழுந்தார். கடையே எழுந்தது. கோச் இன்னொரு பையனைக் கூப்பிட்டு இறக்கினார். கொளஞ்சி எட்டி உதைத்ததில் கலியனின் பெஞ்சுக்குக் கால் ஆடியது.

ஐயப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தான். பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசத்துக்காரன். அப்பன் இல்லாத பிள்ளை. சொந்த டிராக்டரில் உப்பு லோடு அடிப்பதால் வாரத்தில் பாதி நாள் எங்களோடுதான் இருப்பான். அவர்கள் ஊர் டீமுக்கு மிட்ஃபீல்டில் ஆடுகிறவன். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவான். உண்மையாகவே ஃபுட்பால் தெரிந்தவன். அதுதான் அவனுக்கு வினை.

"ஏம்பா கொளஞ்சி, கோச்சு மேல தப்பு இல்லப்பா. சகா கால்ல பந்து இருந்தா ராஜா. பந்து போச்சின்னா? நின்னு வேடிக்கை பாக்குறான். கிளப்புல அவனுக்குப் பின்னாடி வுழுந்து வுழுந்து ஓட ரெண்டு பேரு இருக்கானுங்க. இங்க யாரு இருக்கா?"

"அவன் ஓட மாட்டானா? எங்கூட ஆடினவன்டா. ஒரு மேட்சுல உன்னையே மூணு தபா மண்ணைக் கவ்வ வெச்சான், மறந்துட்டியா?"

"அது பாத்திக் காட்டுல. வெளிநாட்டுக்காரன்கிட்ட ஓடிக் காட்டட்டும்."

"ஆட வுட்டாதானடா ஓடுவான்! உக்கார வெச்சிட்டு ஓடலன்னு சொன்னா எப்படி?"

கடை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். நியாயமான பேச்சு அது. கொளஞ்சிக்கு வாயில் நியாயம் வருவது அபூர்வம். ஐயப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். தெரிந்தவனுக்குத் தோற்கத் தெரியாது.

"யாரு உக்கார வெச்சது? அவனேதான் உக்காந்துக்கினு இருக்கான்."

"இன்னா சொன்ன?"

"எங்க சித்தப்பா பையன் கல்கத்தால ரயில்வேல இருக்கான். அவங்க கிளப்பு கிரவுண்டுலயே கெடக்குறவன். உங்காளு கோச்சுகிட்ட போயி, என்னைய எறக்காதீங்க, கடைசில பேருக்கு எறக்கினா போதும்னு சொல்லிட்டானாம். அங்க எல்லாருக்கும் தெரியுமாம். உனக்குத்தான் தெரியல."

சிரிப்பு நின்றுவிட்டது. கொளஞ்சி எழுந்தான்.

"திருப்பிச் சொல்லு."

"நூறு தபா சொல்றேன். அவன் பயந்துக்கினு..."

கொளஞ்சி சுவரோரம் போய்த் திரும்பியதைத்தான் நான் பார்த்தேன். வாரு பலகை காற்றில் சுற்றி வந்து ஐயப்பனின் இடது காதில் விளிம்போடு இறங்கியது. தேங்காய் உடைபடுகிற சத்தம் கேட்டது. ஐயப்பன் கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்தான். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் ஓடியது. கொளஞ்சி மறுபடி ஓங்கினான். நானும் கலியனும் பாய்ந்து காம்பைப் பிடித்தோம். பிடித்தும் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு இரண்டடி போனான். கீழே கிடந்தவனை விலாவில் உதைத்தான்.

"சொல்லுடா! இப்ப சொல்லு!"

யாரோ பாய்லரைத் தட்டிவிட்டதில் வெந்நீர் தரையெல்லாம் ஓடி, ரத்தத்தோடு கலந்து வாசலுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து டிவியில் சகாயராஜ் மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடினானாம். பின்னால் யாரோ சொன்னார்கள். எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஐயப்பனை அவன் டிராக்டரிலேயே போட்டு மெயின் ரோடு வரை போய், அங்கிருந்து கார் பிடித்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் விடிந்ததும் கொளஞ்சி வழக்கம்போல அளத்துக்குப் போய்விட்டான். ஓடி ஒளிந்துகொள்ளச் சொன்னேன். 'நான் எதுக்கு ஓடணும், பொய் சொன்னவன் அவன்' என்றான். அடித்ததுகூட அவனுக்கு உறுத்தவில்லை. சகாயராஜ் பயந்தான் என்ற அந்த ஒரு சொல்தான் உள்ளே குத்திக்கொண்டு இருந்தது.

இங்கே எங்கள் அளத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழை நின்றபின் தை மாதத்தில் பாத்தி மிதிப்பார்கள். சேற்றில் வரிசையாக நின்று, தரை கெட்டிப்படும்வரை வெறுங்காலால் மிதிக்க வேண்டும். அப்போதுதான் உப்பில் மண் ஏறாது. ஒரு அளத்தை மிதித்தவன் அடுத்த மழை வரும்வரை இன்னொரு அளத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டு அளத்து உப்பும் கைக்கும், மிதித்தவன் குடும்பமும் விளங்காது. வரப்பில் நடக்கலாம், நிற்கலாம், பீடி பிடிக்கலாம். பாத்திக்குள் இறங்கக் கூடாது. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சோற்றில் போடுவது எங்கள் உப்பைத்தான்.

ஐயப்பனின் தாய்மாமன்கள் இரண்டு டிராக்டரில் வந்தார்கள். கையில் மண்வெட்டிக் காம்பு, சைக்கிள் செயின். கடலை மூட்டை இறக்க வந்தவர்கள் மாதிரி நிதானமாக இறங்கி, வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து வந்தார்கள். கொளஞ்சி தன் பாத்தியின் நடுவில் தனியாக நின்றிருந்தான். சுற்றியிருந்த மற்ற முதலாளிகளின் அளங்களில் ஒரு பத்துப் பதினைந்து பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கள் ஆட்கள். அவனோடு பந்து ஆடியவர்கள்.

முதல் அடி தோளில் விழுந்தது. கொளஞ்சி வாரு பலகையால் ஒருவனின் மூக்கைப் பெயர்த்தான். இரண்டாவது ஆள் செயினை அவன் கழுத்தில் போட்டு இழுத்தான். உப்புத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தவனை எழவிடாமல் முதுகில் ஏறி மிதித்தார்கள். எங்கள் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஓடி வந்து அவரவர் வரப்பில் நின்றுவிட்டார்கள். கத்தினார்கள், திட்டினார்கள், உப்புக் கட்டியை எடுத்து எறிந்தார்கள், குழந்தைசாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். ஒருத்தன்கூட உள்ளே கால் வைக்கவில்லை. கொளஞ்சியும் ஒருத்தனையும் கூப்பிடவில்லை.

மூட்டை தூக்குகிறவனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. நான் எந்த அளத்தையும் மிதித்தவன் இல்லை. லாரியில் இருந்த மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஒருவன் கொளஞ்சியின் வலது காலைப் பிடித்து நீட்டிக்கொள்ள, பெரிய மாமன் மண்வெட்டிக் காம்பால் கணுக்காலில் போட்டான். ஒரு தடவை இல்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரும்வரை போட்டான். கொளஞ்சி போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம். உடைந்த எலும்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி இருக்கும் என்று எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. என் முதுகில் ஒரு அடி, வாயில் ஒரு அடி. இரண்டு பல்லைத் துப்பிவிட்டு கொளஞ்சியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் போனார்கள்.

பாத்தியில் சேர்த்து வைத்திருந்த வெள்ளை உப்பு ஒரு பக்கம் முழுக்கச் சிவந்து கிடந்தது. கண்ணாயிரம் முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "தண்ணிய தொறந்து வுட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கொளஞ்சியின் காலில் கம்பி வைத்துக் கட்டினார்கள். வரப்பில் நின்றவர்களைப் பற்றி நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். ஆத்திரம் அடங்கவில்லை எனக்கு.

"வுடு மச்சான்," என்றான் கொளஞ்சி. "அவனுங்க மேல தப்பு இல்ல. நானா இருந்தாலும் வரப்புலதான் நின்னிருப்பேன்."

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பக்கத்துப் புகாரும் வந்துவிட்டது. சப் இன்ஸ்பெக்டர் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஐயப்பனின் இடது காது போய்விட்டது, இனிமேல் கேட்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கால் ஒட்டிக்கும்யா, காது ஒட்டாது," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "முதல்ல கை வெச்சவன் இவன். கேஸ் போட்டா உள்ள போறது இவன்தான். வெளிய வர வருஷக் கணக்காகும். பிரம்மதேசம் போயி, நீ சொன்னதுல தப்பில்ல, நான் அடிச்சதுதான் தப்புன்னு அந்தப் பையன் எதிர்ல சொல்லிட்டு வரட்டும். அவங்களும் புகாரை வாபஸ் வாங்கிக்குவாங்க. ஒத்துக்கிட்டாங்க. வர ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

கொளஞ்சி முடியாது என்றுவிட்டான்.

"அடிச்சது தப்புன்னு வேணா சொல்றேன். அவன் சொன்னதுல தப்பில்லன்னு எப்படி சொல்லுவேன்? சகா பயந்து உக்காந்தான்னு என் வாயால சொல்லணுமா? ஜெயிலுக்கே போறேன்."

பங்குச் சாமியார் வந்து சொன்னார், முதலாளி வந்து சொன்னார். அமுதவல்லி அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"வயித்துல இருக்கறது வெளிய வந்து அப்பன் எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்? அவன் பிரெண்டுக்காக ஜெயில்ல இருக்கான், அந்த பிரெண்டு பெஞ்சுல இருக்கான்னு சொல்லவா?"

கொளஞ்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய இன்னொரு காலையும் உடைத்திருப்பேன். வெளியே போய் எஸ்.டி.டி. பூத்தில் கல்கத்தாவுக்கு போன் போட்டேன். சகாயராஜ் எல்லாவற்றையும் கேட்டான். ஐயப்பன் சொன்னதையும் சொன்னேன்.  பிறகு, "நான் வரேன்" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலையில் வந்தான். கொளஞ்சியை அதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். வாசலில் கயிற்றுக் கட்டிலில், அக்குளில் வைக்கிற கட்டையைப் பக்கத்தில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சகாயராஜைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா? வா, வா. நீயே சொல்லு இவனுங்களுக்கு. அந்த கோச்சுக்கு உன்மேல இன்னாடா காண்டு?"

சகாயராஜ் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தான். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஐயப்பன் சொன்னது நெசம்தான்," என்றான்.

கொளஞ்சிக்கு முதலில் புரியவில்லை. சிரித்தபடியே இருந்தான்.

"நான்தான் கோச்சுகிட்ட சொன்னேன். எறக்காதீங்கன்னு. பயந்து இல்ல. போன வருசம் ஒரு மேட்சு முழுசா ஆடினேனே, ஞாபகம் இருக்குதா? தோத்துட்டு கல்கத்தா திரும்பினேன். அந்த வாரமே கிளப்புக்கு ஃபைனல். பெனால்டிய வெளிய அடிச்சேன். அதே மேட்சுல முட்டி திரும்பிக்கிச்சி. இங்கயும் தோல்வி, அங்கயும் தோல்வி. ஆஸ்பத்திரில படுத்துக்கினு யோசிச்சேன். ரெண்டு அளம் மிதிச்சிட்டேன்டா, கொளஞ்சி. அதான் ரெண்டும் கைச்சிப்போச்சி."

 அமுதவல்லி உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"கிளப்புதான் நான் மொதல்ல மிதிச்ச அளம். பதினேழு வயசுல எடுத்து சோறு போட்டானுங்க."

"இந்தியான்னா வேற மொதலாளி அளமாடா?" என்று கேட்டான் கொளஞ்சி. 

"எனக்கும் தெரியுது, அப்படி இல்லன்னு. ஆனா காலு கேக்க மாட்டேங்குது. உள்ள எறங்கினா கூசுது. டீமுக்கே வர மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஊரு ஒத்துக்குமா? அம்மா ஒத்துக்குமா? நீ ஒத்துக்குவியா? பேரு பேப்பர்ல வரணும்னு நீதானே தவம் கெடக்குற. சரி, வரப்புல நின்னுட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா அடிப்ப."

கொளஞ்சி கட்டையை எடுத்தான். ஒற்றைக் காலில் எழுந்து நின்று, அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான். சகாயராஜின் கால்கள் அவன் எதிரில் நீண்டிருந்தன. கல்கத்தா முழுக்கக் கைதட்டுகிற கால்கள். சகாயராஜ் அவற்றை இழுத்துக்கொள்ளவில்லை.

"அடி," என்றான்.

அமுதவல்லி வீறிட்டாள். நான் எழுவதற்குள் கட்டை இறங்கிவிட்டது. பக்கத்திலிருந்த ஆட்டுக்கல்லில் இறங்கி இரண்டாக உடைந்து தெறித்தது. கையில் மிச்சமிருந்த துண்டால் கொளஞ்சி அந்தக் கல்லையே அடித்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரும்வரை அடித்தான்.  வரப்பில் நின்றவர்கள் மேல் தப்பில்லை என்று அவனேதானே சொன்னான். இவனை மட்டும் எந்த வாயால் தப்பு என்பான்?

"ஒருத்தன் காது போச்சேடா," என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

அழுகை ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, "வண்டிய எடு" என்றான்.

சகாயராஜ் தானும் வருவதாக எழுந்தான்.

"நீ வராத. நீ வந்து நின்னா உன்னைப் பாத்துட்டு அவனுங்க எனக்கு மன்னிப்பு குடுத்துடுவானுங்க. கையெழுத்து வாங்க நிப்பானுங்க. நான்தான் அடிச்சேன், நான் போறேன்."

என் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார வைத்துக் கட்டினேன். கட்டை உடைந்துவிட்டதால் இறங்கினால் என் தோள்தான். பிரம்மதேசம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஐயப்பனின் அம்மா விருத்தாம்பாள் வாசலில் மல்லாட்டைக் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக வந்தாள். கொளஞ்சியின் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாள். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டான். மாமன்கள் உள்ளேயிருந்து வந்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தவன் மறுபடியும் கையை ஓங்க, பெரிய மாமன் தடுத்தான்.

"சொல்லத்தான் வந்திருக்கான். சொல்லட்டும் வுடு."

ஐயப்பன் உள்ளே கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தான். தலையைச் சுற்றிக் கட்டு. கண் திறந்திருந்தது. ஒரு வாரத்தில் பாதி ஆளாகியிருந்தான். எங்களைப் பார்த்தும் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கொளஞ்சி கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டு ஆட்கள் எல்லாரும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.  வாழ்க்கையில் ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டறியாதவன் அவன். குனிந்து, ஐயப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னான். சகாயராஜ் சொன்னதைச் சொன்னான், தான் அடித்தது தப்பு என்றான், என்னை மன்னித்துவிடு என்றான். சொல்லி முடித்தபோது சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

ஐயப்பன் உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொளஞ்சியின் வாய் அசைந்தது கண்ணில் பட்டதோ என்னவோ, தலையைக் கொஞ்சம் திருப்பினான்.

"எதுனா சொன்னியா? இந்தப் பக்கம் கேக்கல. அந்தாண்ட வந்து சொல்லு."

பின்னால் யாரோ விசும்பினார்கள். விருத்தாம்பாளாகத்தான் இருக்கும். கொளஞ்சி தோளைப் பிடிக்க வந்த என் கையைத் தள்ளிவிட்டான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் யூரியா மூட்டை அடுக்கியிருந்த சின்னச் சந்து. சட்டங்களைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சுற்றி வந்தான். உடைந்த கால் ஒரு மூட்டையில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூட்டை மேல் விழுந்து, மறுபடி எழுந்து ஐயப்பனின் வலது காதுக்குப் போய்ச் சேர்ந்தான்.

இந்தத் தடவை சத்தம் போட்டே சொன்னான். தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நீ சொன்னது நெசம் ஐயப்பா. சகாதான் வேணாம்னு சொல்லியிருக்கான். அவனே என்கிட்ட சொல்லிட்டான். உன்னை அநியாயமா அடிச்சிட்டேன். என்னை மன்னிச்சிடு."

பெரிய மாமன் தலையை ஆட்டி, "சரி, முடிஞ்சிது, நாளைக்குப் போயி புகாரை வாபஸ் வாங்கிடலாம்" என்றான். ஐயப்பன் அதைக் கவனிக்கவில்லை. கொளஞ்சியின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

"நெசமாவா? அவனே சொன்னானா?"

"அவனேதான்."

ஐயப்பனின் கண் கலங்கியது.

"எனக்கு அதுல நம்பிக்கையே இல்லடா கொளஞ்சி. நீ எல்லார் எதிர்லயும் என்னை மடக்கிட்டன்னு வந்த கோவத்துல சொன்னேன். எங்க சித்தப்பா பையன் எப்பவும் புளுகுவான். இதுவும் புளுகாத்தான் இருக்கும், அடுத்த மேட்சுல சகா ஆடிடுவான்னு இங்க படுத்துக்கினு நெனச்சிக்கினு இருந்தேன்."

கொளஞ்சி சுவரோரமாகவே சரிந்து மூட்டை மேல் உட்கார்ந்தான். ஐயப்பன் சட்டையை விடவில்லை.